வெட்டி எடுப்பதா, விட்டுவிடுவதா: தண்டுவடக் காயத்துக்குப் பின் இடுப்பில் வளர்ந்த எலும்பு

தம்பிக்கு வலது இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தோம். இடது இடுப்பில் செய்யவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தொல்லைதான். இரண்டு வழியையும் ஒரே உடம்பில் பார்த்துவிட்டதால், இதே முடிவின் முன்னால் நிற்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அறுவை பக்கம் சாய்ந்தவள். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் அவனுக்குத் தண்டுவடம் அடிபட்டது. மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இரண்டு மாதம் ஆனபோது வலது தொடையின் மேல்பகுதி வீங்கியது, கை வைத்தால் சுட்டது, லேசாகக் காய்ச்சலும் இருந்தது. முதலில் காட்டிய இடத்தில் ரத்தக்கட்டாக இருக்கும் என்று, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை என்றானதும் சீழ் பிடித்திருக்கும் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில்தான் இடுப்பு மூட்டுக்கு முன்னால் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல ஒரு வெண்மை. மறுவாழ்வுப் பிரிவு மருத்துவர் அதைப் பார்த்ததும் "ஹெச்.ஓ." என்றார். ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன் என்பதன் சுருக்கம், தசைக்கு நடுவே எலும்பு வளர்கிறது என்று அர்த்தம்.

இது அபூர்வமான நோய் இல்லை. தண்டுவடம் அடிபட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது. மூட்டையே பூட்டிவிடுகிற அளவுக்குப் போவது அவர்களிலும் சிலருக்குத்தான். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த சிப்பாய்களிடம் இதைப் பார்த்து, பாரிஸில் அகஸ்டா தெஜெரின்-கிளம்ப்கே என்ற பெண் மருத்துவர் 1918-லேயே, சேயியே என்ற மருத்துவருடன் சேர்ந்து விரிவாக எழுதிவைத்திருக்கிறார். தசையைப் பழுதுபார்க்க வேண்டிய இடத்தில் எலும்பை உண்டாக்கும் செல்கள் கிளம்பிவிடுகின்றன. வருவது வெறும் சுண்ணாம்புப் படிவு இல்லை, மஜ்ஜையோடு கூடிய நிஜ எலும்பு. அம்மா இது தெரியாமல் கேழ்வரகுக் கூழையும் பாலையும் நிறுத்திவிட்டார். சாப்பாட்டில் வரும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் கூழ் திரும்ப வந்தது.

பெரியப்பா எண்ணெய் போட்டு உருவிவிட ஓர் ஆளையே கூட்டி வந்துவிட்டார். அன்புதான். ஆனால் வீக்கமும் சூடும் இருக்கும் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் தசை கிழிந்து உள்ளே ரத்தம் கசியும், எலும்பு வளர அதுவே தூண்டுதலாகலாம். மெதுவாக மடக்கி நீட்டுவது வேறு, உருவுவது வேறு.

சரி, முடிவுக்கு வருகிறேன். ஆறாம் மாதம் வலது இடுப்பு 35 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. வீல்சேரில் நிமிர்ந்து உட்கார ஏறக்குறைய 90 வேண்டும். அது இல்லாததால் அவன் சறுக்கிச் சறுக்கிச் சாய்ந்தே உட்கார்ந்தான், இடுப்பெலும்பு கோணியது, எடை முழுவதும் இடது பிட்டத்தில் இறங்கியது. அங்கே ஐம்பது பைசா அளவில் ஒரு புண் வந்தது.

விட்டுவிடுவது என்றால் இதோடு வாழப் பழகுவது: முதுகுப் பக்கம் சாய்கிற நாற்காலி, நல்ல மெத்தை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டல். கத்தி இல்லை, ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. உட்காரவும், உடுத்தவும், கழுவவும் முடிகிற அளவுக்கு மூட்டு மடங்குகிறவர்களுக்கு இதுவே போதும். அவர்கள் அறுவையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தம்பிக்கு அது போதவில்லை. சாய்ந்த நாற்காலியில் தட்டு கைக்கு எட்டாது. டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்க அவனால் குனிய முடியாது, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இருபத்தாறு வயதுக்காரன்.

அறுவையின் ஆபத்துகளை ஒளிக்காமல் சொன்னார்கள். ரத்தம் நிறையப் போகும். கிருமி தொற்றலாம். செயலிழந்த காலின் எலும்பு மெலிந்திருப்பதால் தொடை எலும்பே விரிசல் விடலாம். புது எலும்பு ரத்தக் குழாயையும் நரம்பையும் சுற்றி வளர்ந்திருக்கலாம் என்பதால் முன்கூட்டியே மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். வளர்ந்தது முழுவதையும் எடுப்பதில்லை. மூட்டு மடங்குவதற்குத் தேவையான அளவு ஆப்பு போல வெட்டி எடுக்கிறார்கள்.

எப்போது செய்வது என்பதில் இரண்டு கட்சி. எலும்பு முற்றட்டும், தண்டுவடக் காயம் என்றால் ஒரு வருடம், மூளைக் காயம் என்றால் ஒன்றரை வருடம் காத்திருங்கள், இல்லாவிட்டால் திரும்ப வளரும் என்பது பழைய வழக்கம். பாரிஸுக்கு அருகிலுள்ள கார்ஷ் மருத்துவமனைக் குழுவினர் 570 அறுவைகளை அலசி 2011-ல் வெளியிட்ட கட்டுரையில், சீக்கிரம் செய்ததால் திரும்ப வளர்வது கூடவில்லை என்றார்கள். பூட்டிய மூட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தால் எலும்பு இன்னும் மெலியும் என்பது இந்தப் பக்கத்தின் வாதம். எனக்கு இதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் எங்களுக்கு நாள் குறித்தது அந்தப் புண்தான். புண் திறந்திருக்கும்போது அறுவை செய்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. குப்புறப் படுக்க வைத்தே நான்கு மாதம் போனது. பத்தாவது மாதம் செய்தோம்.

திரும்ப வளராமல் தடுக்க இண்டோமெதசின் மாத்திரையா, ரேடியேஷனா என்று கேட்டார்கள். மாத்திரை மலிவு, எங்கும் கிடைக்கும், சில வாரம் விழுங்க வேண்டும். ஆனால் வயிற்றைப் புண்ணாக்கும். வயிற்றில் உணர்வே இல்லாதவனுக்குப் புண் வந்தால் வலித்துச் சொல்லாது. ரேடியேஷன் ஒரே ஒரு முறை, அறுவையை ஒட்டிய ஓரிரு நாளுக்குள் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இயந்திரம் உள்ள பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டும். இளைஞன் என்பதால் விதைப்பையை மறைத்துக் கொடுத்தார்களா என்று நானே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நாங்கள் எடுத்தது ரேடியேஷன்.

இதெல்லாம் மருத்துவரோடு பேசி முடிகிற விஷயம். வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் எங்களிடம் அழுத்திச் சொல்லவில்லை. வெட்டித் திறந்த மூட்டைத் திறந்தே வைத்திருப்பது யார்?

அறுவை மேசையில் 100 டிகிரி வந்தது. தையல் பிரித்து வீட்டுக்கு வந்தபோது 92. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, இருபது இருபது நிமிடம் மடக்கி நீட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் காட்டிக் கொடுத்தபடி ஒருவர் இடது காலைப் படுக்கையோடு அழுத்திப் பிடிப்போம், இன்னொருவர் வலது முழங்காலை மடக்கி வயிற்றை நோக்கிக் கொண்டுபோவோம். இடது கால் எழும்பிவிட்டால் இடுப்பே சேர்ந்து புரண்டு, மூட்டு மடங்கியது போல ஏமாற்றும். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த கோணமானியில் நூலால் இரண்டு ஈர்க்குச்சிகளைக் கட்டி, ஒன்றை இடுப்போடும் மற்றதைத் தொடையோடும் சேர்த்துப் பிடித்து அளப்பேன். கட்டிலடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் தேதியும் டிகிரியும். அவனுக்கு வலி தெரியாது என்பதால் கண் முகத்தின் மேலேயே இருக்க வேண்டும். முகம் சிவந்து வியர்த்தாலோ, தலை இடிக்கிறது என்றாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அவனைப் போல மேல்முதுகில் அடிபட்டவர்களுக்கு அது ரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி.

இரண்டாம் மாதம் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்தது. ஆறு நாள் மடக்கவில்லை. ஏழாம் நாள் நோட்டில் எழுதியது 78. அதை 86-க்குக் கொண்டுவர மூன்று வாரம் பிடித்தது. அம்மாவுக்கு முட்டி வலி, குனிந்தால் எழ முடியாது. நான் வேலைக்கு ஐந்து மாதம் சம்பளமில்லா விடுப்பு போட்டேன். அறுவைக்கான பில்லைவிட எங்களுக்குப் பெரிய செலவு அதுதான்.

அதனால் அறுவைக்கு நாள் கேட்கும் முன் ஒரு தாளை எடுத்து, அடுத்த ஆறு மாதம் காலை ஆறு மணிக்கு மடக்கப் போவது யார், மாலையில் யார், அவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் யார் என்று பெயரோடு எழுதுங்கள். இரண்டு பெயராவது வந்தால் அறுவையைத் தைரியமாக எடுங்கள். ஒரு பெயரும் வராவிட்டால், மூட்டு நிலைப்படும்வரை மறுவாழ்வு மையத்திலேயே தங்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் நல்ல சாய்வு நாற்காலியும் மெத்தையும் வாங்குங்கள். பராமரிக்க ஆளில்லாமல் வெட்டி, திரும்பப் பூட்டிக்கொள்வதைவிட அது மேல்.

நான் சொல்வது இடுப்புக்கு மட்டும். மூளை அடிபட்டு முழங்கை பூட்டிக்கொண்ட ஒருவர் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அவருக்கு வலி தெரியும், தசை இறுக்கமும் அதிகம், சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையும் நாளுக்கு நாள் மாறியது. அங்கே கணக்கே வேறு. எங்களுக்கும் அறுவை முடிந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

இப்போது வலது பக்கம் 88-ல் நிற்கிறது. தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து தட்டைத் தானே இழுத்துவைத்துச் சாப்பிடுகிறான், டியூப் வேலையைத் தானே முடிக்கிறான். நான் அறையைவிட்டு வெளியேறும்போது "கதவைச் சாத்திட்டுப் போக்கா" என்கிறான். இடது இடுப்பிலும் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று எக்ஸ்ரேயில் தெரிகிறது. ஆனால் 95 டிகிரி மடங்குகிறது, உட்காருவதைத் தடுக்கவில்லை. அதைத் தொட வேண்டாம் என்று மருத்துவரும் நாங்களும் சேர்ந்தே முடிவு செய்தோம். நோட்டில் இப்போது இரண்டு பத்தி, வலது, இடது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டையும் அளந்து எழுதுகிறேன்.