கோபி கல்யாண மேடை: கேட்டது மஞ்சள், வந்தது பீச்

தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் கோபிசெட்டிபாளையத்துக்குப் போய் வந்தேன். சமையல், சீர், சொந்தபந்தம் எல்லாம் நல்லபடி நடந்தது. மேடை அலங்காரம் ஒன்றுதான், ஒரு மாதமாகியும் மனசு ஆறவில்லை.

மெல்பர்னிலிருந்தே 2 மாதம் அலங்காரக்காரரிடம் வாட்ஸ்அப்பில் பேசினேன். அவர் அனுப்பியதெல்லாம் நம்பர் போட்ட படங்கள். "14ஆம் நம்பர்தானுங்க்கா இப்ப நல்லா ஓடுது" என்பார். 14ஐப் பார்த்தாலும் 22ஐப் பார்த்தாலும் வெளிர் ரோஸ், பீச் என்கிற வெளிர் ஆரஞ்சு, வெள்ளை, நடுவில் ஒரு வட்ட வளையம், முழுக்கத் துணிப்பூ. கோயமுத்தூர் மண்டபத்திலும் அதேதான், பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் அதேதான். பச்சைத் தோப்புக்கு நடுவில் எதற்குத் துணிப்பூ?

நான் கேட்டது மஞ்சள். எலுமிச்சை மஞ்சள் இல்லை. விரலி மஞ்சளை உடைத்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்தது 2019இல். அதற்கு வெகுநாள் முன்பிருந்தே அப்பா மஞ்சள் போட்டவர். களத்தில் வேகவைத்துக் காயப்போடும் வாசத்திலேயே நானும் தம்பியும் வளர்ந்தோம். பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவை அரக்கு. அதற்குப் பின்னால் அந்த மஞ்சள் நின்றால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்! விரலியை உடைத்துப் படமெடுத்தே அனுப்பினேன். "சரிங்க்கா, பண்ணீரலாங்க்கா" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தால் மேடை முழுக்கப் பீச்.

"ஏனுங்க, மஞ்சள் எங்கே?"

"எல்லாரும் இப்ப பேஸ்டல்தானுங்க்கா கேக்கறாங்க. லைட் போட்டா மஞ்சளாத்தான் தெரியும்."

லைட் போட்டார்கள். வெள்ளை எல்இடியில் பீச் இன்னும் வெளுத்துப்போனது. அரக்குப் புடவையைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

மெல்பர்னில் என் தோழியின் வரவேற்புக்கு மேடை போட்டவர், துணித்துண்டுகளை அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார். நிறத்தின் எண் ஒப்பந்தத்திலேயே இருந்தது. இங்கே அட்வான்ஸ் கொடுத்த கையோடு பேச்சு முடிந்தது. குடோனில் இருந்ததை ஏற்றி வந்திருக்கிறார். "அந்த நிறம் என்கிட்ட இல்லீங்க" என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூடாது என்கிற நம் ஊர் மரியாதை இருக்கிறதே, 2 மாதம் என்னை ஏமாற்றியது அதுதான்.

அப்புறம் மண்டபத்துப் பெரியவர் பின்னறையைத் திறந்துவிட்டார். அடுக்கடுக்காகப் பவானி ஜமுக்காளம், சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்டது. சின்ன வயசில் எத்தனை கல்யாணத்தில் அதன்மேல் உருண்டு தூங்கியிருப்போம்! இரண்டை எடுத்து மேடைக்குப் பின்னால் கட்டச் சொன்னேன். சித்தப்பா பஸ் ஸ்டாண்ட் பூக்கடைகளில் இருந்த செவ்வந்திச் சரம் முழுவதையும் வாங்கி வந்தார். அலங்காரக்காரரின் பையன்கள் 4 பேர் பீச்சைக் கழற்றிவிட்டு ராத்திரி 2 மணி வரை சரம் கட்டினார்கள். தனியாகக் காசு கேட்கவில்லை. டீ மட்டும் கேட்டார்கள். மெல்பர்னில் என்றால் அந்த நேரத்துக்கு மண்டபத்தைப் பூட்டி எங்களை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ஊரில் கல்யாணம் வைக்கிறவர்கள் நம்பர் படத்தை நம்பாதீர்கள். சொந்தக்காரர் யாரையாவது குடோனுக்கு அனுப்பித் துணியையும் பூவையும் கையில் வாங்கி, முகூர்த்தப் புடவையோடு மண்டப விளக்கிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடியற்காலை, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் சடங்கான இணைச்சீருக்கு நான் மேடையேறியபோது செவ்வந்தியில் ஈரம் காயவில்லை. அவசரத்தில் பையன்கள் கழற்ற மறந்த ஒரு பீச் கொத்து மட்டும் தூணில் நின்றுவிட்டது. எல்லாப் படத்திலும் இடது ஓரத்தில் அது இருக்கிறது.