துருவ நட்சத்திரம் தாழ்ந்த ஊரில்: 135 மி.மீ. லென்ஸா, ரெட்கேட் 51-ஆ?

பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் ஸ்டார் அட்வென்ச்சரர் மாதிரி ஒரு சின்ன டிராக்கர் இருக்கிறது, ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா இருக்கிறது. வானத்தை அகலமாகப் படம் பிடிக்க அதன் முன்னால் எதை மாட்டுவது? இந்தக் கேள்விக்கு இரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்: சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2 லென்ஸ், வில்லியம் ஆப்டிக்ஸ் ரெட்கேட் 51 தொலைநோக்கி. நான் வாங்கியது லென்ஸ். ரெட்கேட்டை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சில இரவுகள் பயன்படுத்தியதோடு சரி. அதனால் இதில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெட்கேட் 250 மி.மீ. குவியத் தூரம், எஃப்/4.9. பெட்ஸ்வால் என்ற லென்ஸ் அமைப்பு என்பதால் படத்தின் ஓரத்தைச் சரிசெய்யும் ஃபிளாட்டனர் தனியாக வேண்டாம். ஓரம் வரை நட்சத்திரங்கள் புள்ளியாகவே நிற்கும். ஃபோகஸ் பார்க்க பாட்டினோவ் மாஸ்க் என்ற கீற்று மூடி கூடவே வருகிறது. விலை லென்ஸைவிடக் கணிசமாகக் கூடுதல். லென்ஸ் முழுக்க மேனுவல், எடையும் குறைவு. ஏபிஎஸ்-சி சென்சாரில் லென்ஸ் சுமார் 9 பாகைக்கு 6 பாகை வானத்தைக் காட்டும். ரெட்கேட் 5-க்கு மூன்றரை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸிதான் ஆசை என்றால் ரெட்கேட் அழகாக நிரப்பும். கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வண்ண மேகங்கள், கரீனா நெபுலாவோடு பக்கத்துக் கொத்துகள் என்று போனால் லென்ஸில்தான் இடம் இருக்கும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊரில் தேர்வை முடிவு செய்வது வேறொன்று.

காவலூரில், ஜவ்வாது மலையில், வானாய்வகம் அமைந்ததற்கு ஒரு காரணம் அதன் அட்சரேகை. 12.5 பாகை வடக்கில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். ஐம்பது பாகையில் இருக்கும் ஐரோப்பியருக்குக் கேட்டை உச்சத்துக்கு வந்தாலும் அடிவானத்திலிருந்து 13 பாகைதான். நமக்கு 50 பாகைக்கும் மேலே. ஆனால் இதே அட்சரேகை மறுபக்கம் நம்மிடம் வட்டியோடு வாங்கிவிடுகிறது. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் குறி வைத்தால்தான் அது வானத்தோடு சரியாகச் சுழலும். துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் 13 பாகை, கோவையில் 11, மதுரையில் 10-க்குக் கொஞ்சம் கீழே, கன்னியாகுமரியில் 8. அந்த உயரத்தில் புழுதி, பனிமூட்டம், தென்னந்தோப்பு, வடக்கே எந்த ஊர் இருக்கிறதோ அதன் விளக்கு வெளிச்சம். இரண்டாம் அளவு பிரகாசம் கொண்ட நட்சத்திரம் அதற்குள் கரைந்துவிடும். தெரிந்தாலும் அந்தக் குறி பார்க்கும் போலார் ஸ்கோப் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருப்பதால், ட்ரைபாடைத் தாழ்வாக வைத்தால் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இங்கே துருவ சீரமைப்பு பெரும்பாலும் உத்தேசமாகவே முடியும். திசைகாட்டியும் ஃபோன் ஆப்பும் வைத்து அரைப் பாகைக்குள் வந்தாலே நல்ல இரவு. அந்த அரைப் பாகைப் பிழை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிழைக்கு, ஒரு நிமிடத்தில், நட்சத்திரம் அதிகபட்சம் கால் விகலைக்குச் சற்று மேல் நகரும் (விகலை என்பது கலையில் அறுபதில் ஒரு பங்கு). முப்பது கலை என்றால் நிமிடத்துக்கு 8 விகலை. என் கேமராவில் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். லென்ஸில் அது 6.6 விகலை வானத்தைப் பிடிக்கும், ரெட்கேட்டில் 3.5.

இதோடு வேகத்தையும் சேர்க்க வேண்டும்: எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் சீக்கிரம் சேரும். லென்ஸை எஃப்/2-இல் திறந்து வைத்தால் மூலைகள் கொஞ்சம் தளரும், நான் எஃப்/2.8-இல்தான் எடுப்பேன். அப்போதும் ஒரு பிக்சலுக்கு ரெட்கேட்டைப்போல மூன்று மடங்கு வெளிச்சம். லென்ஸில் ஒரு நிமிடம் எடுத்தால் கிடைக்கும் பிரகாசத்துக்கு ரெட்கேட்டில் மூன்று நிமிடம் வேண்டும். ஒரு நிமிடத்தில் லென்ஸில் நகர்வு 1.2 பிக்சல், கண்ணுக்கே தெரியாது. மூன்று நிமிடத்தில் ரெட்கேட்டில் ஏறக்குறைய 7 பிக்சல். நட்சத்திரம் கோடாகிவிடும்.

கைடிங் (இன்னொரு சின்ன கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து டிராக்கரைத் திருத்திக்கொண்டே இருப்பது) போட்டால் சரியாகாதா என்று கேட்பார்கள். சாதாரண ஸ்டார் அட்வென்ச்சரர் ஒரே அச்சில்தான் கைடிங் ஏற்கும். துருவப் பிழையால் வரும் நகர்வில் முக்கியமான பகுதி மற்ற அச்சில். இரண்டு அச்சிலும் கைடிங் ஏற்கும் ஸ்டார் அட்வென்ச்சரர் ஜிடிஐ மாதிரி டிராக்கர், கைடு ஸ்கோப், கைடு கேமரா, லேப்டாப் எல்லாம் வந்தால் ரெட்கேட் தன் முழுத் திறமையையும் காட்டும். வானத்தில் வேறு எங்காவது மூன்று இடங்களைப் படமெடுத்துத் துருவத்தைக் கணக்கிடும் மென்பொருளும் இருக்கிறது. துருவ நட்சத்திரமே வேண்டாம். ஆனால் அப்போது நீங்கள் மலையேற்றுவது ஒரு பையல்ல, பேட்டரியோடு ஒரு கூடாரச் சாமான். குறைந்த நேரப் படங்களாக நிறைய எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழியும் உண்டு. நண்பர் அப்படித்தான் செய்கிறார், அவர் படங்கள் நன்றாகவே இருக்கின்றன.

ஒரு நேர்மைக்காக: எஃப்/2.8-இல் என் லென்ஸின் துளை 48 மி.மீ., ரெட்கேட்டுடையது 51. ஒரு பொருளிலிருந்து மொத்தமாகச் சேரும் ஒளியில் பெரிய வித்தியாசம் இல்லை. லென்ஸ் அதைச் சிறிய பரப்பில் குவிக்கிறது, அவ்வளவுதான். நுணுக்கம் தேடுபவருக்கு ரெட்கேட் தரும் விவரத்தை லென்ஸ் தராது.

லென்ஸ் பக்கம் தொல்லைகளும் உண்டு. இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும். வளையத்தை டேப் ஒட்டி நிறுத்தினாலும் நள்ளிரவில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முன்னால் 77 மி.மீ. ஃபில்டர் என்றால் விலை கடிக்கும். ரெட்கேட்டில் கேமராப் பக்கம் சிறிய 48 மி.மீ. ஃபில்டரே போதும். வாங்கியவுடன் நான்கு மூலைகளையும் ஒரு நட்சத்திரப் படத்தில் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் மட்டும் நீண்டு தெரிந்தால் உடனே மாற்றிவிடலாம்.

பராமரிப்பில் இரண்டுக்கும் எதிரி ஒன்றே, பூஞ்சை. கடற்கரை ஊர்க்காரர்கள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் டிரை கேபினெட்டில் வைப்பதே நல்லது. பத்து வருடம் கழித்து ரெட்கேட் எப்படி இருக்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை.

பின்னால் குளிரூட்டிய கேமரா வாங்கும் எண்ணமும், வடக்கு திறந்த மொட்டை மாடியும், கருவியைத் தாங்க நிரந்தரமாக நட்ட தூணும் உங்களுக்கு இருந்தால் ரெட்கேட்டையே வாங்குங்கள். ஒருமுறை சீரமைத்தால் போதும். பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறவருக்கு லென்ஸ். கூடவே அதைப் பிடிக்கும் வளையம், பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை, ஒரு பவர் பேங்க்.