அயோயோத்தே: சத்தத்துக்கு ஐந்து நட்சத்திரம், தோல் வாருக்கு இரண்டு

அமெரிக்காவின் சான் டியாகோவில் கொரோனாடோ பாலத்துக்கு அடியில் இருக்கும் சிக்கானோ பூங்காவில், ஏப்ரல் ஆண்டு விழாவன்று ஒரு கடையில் மகளுக்காக இதை வாங்கினேன். ஜோடி 70 டாலர். பேரம் பேசக் கூச்சமாக இருந்தது.

அயோயோத்தே என்பது மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக் மக்களின் நடனத்தை ஆடுகிறவர்கள் கணுக்காலில் கட்டும் சலங்கை. வெண்கல மணியெல்லாம் கிடையாது. காய்ந்த கொட்டைகளின் ஓடுகளைத் தோல் பட்டையில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையில் எடுத்ததுமே சிரித்துவிட்டேன், அப்படியே அரளிக்கொட்டை! விசாரித்தால் அரளிக்குச் சொந்தக்கார மரம்தானாம். நம் ஊர் மஞ்சள் அரளியே மெக்சிகோ பக்கத்துச் செடிதானே. உள்ளே பருப்பு இல்லை, பயமில்லை. ஆனாலும் ஊரில் அம்மாவிடம் சொல்லவில்லை.

கையில் குலுக்கினால் முறத்தில் புளியங்கொட்டை உருள்வதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐம்பது பேர் கட்டிக்கொண்டு ஒன்றாக மிதிக்கும்போது லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கிறது. நடுவில் வேவேத்தில் என்கிற மர முரசு. தொடங்குமுன் சங்கு ஊதி, நான்கு திசைக்கும் புகை காட்டுகிறார்கள். அந்தப் பிசினுக்குப் பெயர் கோபால்! வாசனை குங்கிலியத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஸ்பானியர் ஆட்சியில் மாதா கோயில் திருவிழாக்களுக்குள் ஒண்டிப் பிழைத்த ஆட்டம் இது. 1970களில் ஃப்ளோரென்சியோ யெஸ்காஸ் போன்ற ஆசான்கள் மெக்சிகோவிலிருந்து வந்து இங்குள்ள சிக்கானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க) இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூங்காவும் அந்தக் காலத்ததுதான். காவல் நிலையம் கட்டவிருந்த இடத்தை 1970 ஏப்ரல் 22 அன்று பூங்கா இருக்கும் பாரியோ லோகன் பகுதி மக்கள் புகுந்து பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற பாட்டி முப்பது வயதுக்கு மேல்தான் ஆடக் கற்றாராம். அவருடைய அம்மாவுக்கு ஓர் அடிகூடத் தெரியாது. பேத்தி முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். "வேஷம் அழகாக இருக்கிறது" என்றேன். "வேஷம் இல்லை, உடை" என்று திருத்தினார். சரிதான்.

இனி குறை. இரண்டாம் வாரமே ஒரு வார் அறுந்தது. மகள் பயிற்சிக்குப் போய் நாலு மிதி மிதித்திருப்பாள், கொட்டைகள் சிதறி ஓடின. பட்டையும் பெரியவர் காலுக்கு வெட்டியது, சின்னக் காலில் வழுக்கி இறங்குகிறது. குழந்தைக்கு வாங்குவதானால் அங்கேயே கட்டி, குதிக்கச் சொல்லிப் பாருங்கள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்தும் பாருங்கள்.

மெழுகு நூல் வாங்கி நானே கோத்துவிட்டேன். இரண்டு கொட்டை மட்டும் இன்னும் அகப்படவில்லை.