மாமனாரோட ஆலமரமும் வீட்டுக்கே வந்து பாக்குற போன்சாய்காரரும்

மயிலாப்பூர் பக்கம் போன்சாய் வேலை, அதாவது மரத்த தொட்டிலயே குட்டையா வளக்குற வேலை, தனியா பண்றவர், பேர் போடாதீங்க இருக்குற வேலையே முடிக்க முடியலன்னு அவரே சொல்லிட்டதால பேர் இல்லாமலே எழுதறேன்.

எங்க மாமனார் 1991ல தொட்டில வச்ச ஆலமரம் இது. அடையாறு தியாசாபிகல் சொசைட்டி ஆலமரத்தோட தாய்மரம் 1989ல புயல் காத்துல சாஞ்சுதுல்ல, அந்த வருத்தத்துலதான் அது நின்ன மாதிரியே ஒண்ணு மொட்டை மாடில வளக்கணும்னு ஆரம்பிச்சாராம். உசரம் ரெண்டடிகூட கிடையாது. இடது பக்கம் தாழ்வா ஒரு நீட்டு கிளை, அதுலேர்ந்து மூணு விழுது மண்ணுல இறங்கியிருக்கும். அதுதான் மரத்துக்கே அழகு.

அவர் போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் நாங்க தண்ணி ஊத்தினதோட சரி, வெட்டவே இல்ல. உச்சி காடா வளந்துடுச்சு. ஆலு மேல வெட்டாம விட்டா சத்தெல்லாம் மேலயே போயி கீழ்க்கிளை நோஞ்சானாயிடுமாம், இது அப்ப தெரியாது. தொட்டி மாத்தணும்னு ஒரு நர்சரில குடுத்தோம், கேக்காமலே குடை மாதிரி ட்ரிம் பண்ணி, இடது கிளைய பாதியா நறுக்கி, ரெண்டு விழுத வெட்டி, மேல வெள்ளை கூழாங்கல்லு வேற கொட்டி, "இப்பதான் மேடம் சூப்பரா இருக்கு"ன்னு குடுத்தாங்க. வீட்டுக்காரர் வர்ற வழியெல்லாம் வாயே திறக்கல. ஜப்பான்ல யமாகி குடும்பம் 1625லேர்ந்து தொட்டில இருக்குற ஒரு பைன் மரத்த தலைமுறை தலைமுறையா வளத்து, அது ஹிரோஷிமா குண்டுக்கும் தப்பிச்சு, 1976ல அமெரிக்காவுக்கு குடுத்தாங்கன்னு என் பையன் போன்ல காட்டறான், நாங்க ரெண்டே வருஷத்துல கோட்டை விட்டோம்.

அப்புறம்தான் இவர் வந்தார். முதல் நாள் கத்திரியவே வெளில எடுக்கல, பழைய போட்டோ இருக்கான்னு கேட்டார். பையனோட பிறந்தநாள் போட்டோ ஒண்ணுல பின்னாடி மரம் தெரிஞ்சுது, ஓரத்துல ஆரஞ்சு கலர்ல 2004னு தேதி அடிச்சது. தரையில உக்காந்து காலண்டர் தாளுக்குப் பின்னாடி அத பென்சில்ல வரைஞ்சார். அடிமரத்துல, வளைக்கறதுக்கு கம்பி சுத்தின பழைய தழும்பு சுத்தி சுத்தி போயிருந்துச்சு, அத விரலால தடவிப் பாத்து மாமா எந்தப் பக்கம் வளைச்சிருக்கார்னு சொன்னார் பாருங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாவது தடவை உச்சிய மட்டும் குறைச்சார், பால் வடிஞ்சத ஈரத்துணியால துடைச்சுக்கிட்டே. இடது கிளைல ஒரு இலைய தொடல, அது தேறணுமாம். புதுசா தொங்கின மெல்லிசு விழுதுக்கு மீன் தொட்டி ஏர் டியூப நீளவாக்குல கீறி மாட்டி, உள்ள ஈரமான தேங்கா நார்த்தூள அடைச்சு மண்ணு வரைக்கும் இறக்கிவிட்டார். தொட்டி மாத்தலாமான்னா இப்ப வேணாம், கிளையயும் வேரையும் சேத்து வெட்டினா தாங்காதுன்னுட்டார். அலுமினியம் கம்பி சுத்தினத மாசத்துக்கு ஒருதரம் பாக்கணும், நம்ம ஊர் வெயிலுக்கு ஆலு சீக்கிரம் பருத்து கம்பி பட்டைல பதிஞ்சிடும்.

பழையபடி ஆயிடுமான்னு கேட்டேன்.

"அச்சா அப்படியே வராதும்மா, மரம் வளருதுல்ல. அவர் இருந்திருந்தா இந்த வருஷம் எங்க வெட்டியிருப்பாரோ அங்கதான் வெட்டறேன்."

குறை இல்லாம இல்ல. 11 மணின்னா ரெண்டரைக்கு வருவார், போன் எடுக்கவே மாட்டார், விசிட்டுக்கு 1500 ரூபான்னு சொல்லிட்டு கம்பிக்கு தனியா காசுன்னு கடைசில சொன்னார்.

போன வாரம் டியூப் நுனில வெள்ளையா வேர் எட்டிப் பாக்குது. நாலு ஸ்டார் குடுக்கறேன், அஞ்சாவது ஸ்டார் வெட்டின இலையெல்லாம் அப்படியே போட்டுட்டுப் போயி எங்க மொட்டை மாடி தண்ணிக் குழாய அடைச்சதுக்கு கட்.