எஸ்எஸ்எச் உள்நுழைவுக்கு யூஎஸ்பி சாவி: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான மென்பொருள் ஓப்பன்எஸ்எஸ்எச். 2020 பிப்ரவரியில் வந்த அதன் 8.2 பதிப்பு முதல், ஃபிடோ (உள்நுழைவு வன்பொருளுக்கான பொதுத் தரம்) வகை யூஎஸ்பி சாவியை நேரடியாகப் பயன்படுத்தலாம். லேப்டாப்பிலிருந்து சாவிக் கோப்பை ஒருவர் திருடினாலும், விரல் வைத்துத் தொடவேண்டிய வன்பொருள் கையில் இல்லாமல் அது உதவாது. கொடுத்த காசுக்கு இதுவே போதும். நாள்பட்டுத் தொல்லை தருவது சாவி அல்ல; சர்வரின் கான்ஃபிக் கோப்புகள்தான்.

சாவி உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் வகையை ஈடி25519-எஸ்கே என்று கொடுங்கள். இவ்வகை யூஎஸ்பி சாவிகளில் ஒன்றான யூபிகீயின் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) 5.2.3க்கு முந்தையது என்றால் இது ஓடாது, ஈசிடிஎஸ்ஏ-எஸ்கே வகைதான் வழி. அந்த ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் முடியாது என்பதால், பழைய சாவியை விலைக்கு வாங்குவோர் பதிப்பைக் கேட்டுவிடுவது நல்லது. வெரிஃபை-ரிக்வயர்ட் விருப்பத்தைச் சேர்த்தால் தொடுவதோடு பின் எண்ணும் கேட்கும். தொடர்ந்து 8 முறை பின்னைத் தவறாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால்தான் திறக்கும், ரீசெட் செய்தால் உள்ளே இருந்த பதிவுகள் எல்லாம் போய்விடும். ஆகவே இரண்டு சாவி வாங்குங்கள். இரண்டாவதன் பொதுச்சாவியையும் முதல் நாளே சர்வரில் ஏற்றிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: ரெசிடென்ட் விருப்பம் (சாவித் தகவலை யூஎஸ்பிக்குள்ளேயே வைப்பது) கொடுக்காமல் உருவாக்கினால், வட்டில் உள்ள சிறு கோப்பும் யூஎஸ்பியும் சேர்ந்தால்தான் உள்ளே போக முடியும். வட்டு செத்தால் சாவி கையிலிருந்தும் பயனில்லை. அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

சர்வர் பக்கம் பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷனை நோ ஆக்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷனையும் நோ ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் பாம் (லினக்ஸில் உள்நுழைவைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகக் கடவுச்சொல் கேட்பது தொடரலாம். உபுண்டு கிளவுட் சர்வர்களில் இன்னொரு வம்பு. 50-கிளவுட்-இனிட் என்று தொடங்கும் கோப்பு கடவுச்சொல்லை அனுமதித்து வைத்திருக்கக்கூடும். சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரலான எஸ்எஸ்எச்டி முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைச் சட்டை செய்யாது. கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால், உங்கள் கோப்பின் பெயரை 10 என்ற எண்ணில் தொடங்குங்கள். பிறகு எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி விருப்பத்துடன் ஓட்டி, உண்மையில் எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்று பாருங்கள். சின்ன டி, கான்ஃபிக் பிழையின்றி இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அமலில் உள்ள மதிப்பைக் காட்டாது. ரீலோட் செய்யும்போது பழைய இணைப்பை மூடாமல், வேறு டெர்மினலில் நுழைந்து பாருங்கள்.

தினசரி எரிச்சல் தொடுவதில்தான். பல சர்வர்களில் ஒரே வேலையைச் செய்யும் அன்சிபிள் கருவி பத்து சர்வருக்குப் போனால் பத்துத் தொடுதல். உங்கள் லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் கன்ட்ரோல்மாஸ்டரை ஆட்டோ என்றும் கன்ட்ரோல்பெர்சிஸ்ட்டை 10 நிமிடம் என்றும் வைத்து, கன்ட்ரோல்பாத்தையும் கொடுத்தால், திறந்த இணைப்பே மறுபடி பயன்படும்; அதற்குள் அதே சர்வருக்கு மறுபடி தொடவேண்டாம். இரவில் ஓடும் பேக்கப்புக்குத் தொட ஆள் இல்லை. அதற்காகத் தொடுதலையே நீக்குவது வாங்கிய காரியத்தைக் கெடுப்பது. தனியாகச் சாதாரணச் சாவி ஒன்றை உருவாக்கி, சர்வரில் அதற்கு ரெஸ்ட்ரிக்ட் என்ற கட்டுப்பாடு போட்டு ஒரே கட்டளைக்குக் கட்டிவிடலாம்.

2024 ஜூலையில் வெளிவந்த ரெக்ரெஎஸ்எஸ்எச்அயன் என்ற ஓப்பன்எஸ்எஸ்எச் பாதுகாப்பு ஓட்டை உள்நுழைவுக்கு முன்பே தாக்கும் வகை. 8.5 முதல் 9.7 வரையிலான பதிப்புகளில் இருந்த அதை எந்தச் சாவியும் தடுத்திருக்காது, பேட்ச்தான் தடுத்தது.