முதுகில் ஏற்றுவதா, கொக்கியில் இழுப்பதா?

காரைக்குடியில் எங்கள் பிழைப்பு ஆத்தங்குடித் தரைக்கல்லும் பழைய தேக்குச் சாமானும். வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒரே வண்டி என்று முடிவானபோது இரண்டு வழி இருந்தது: இசுஸு வி-கிராஸ் மாதிரி டபுள் கேப் பிக்கப் (முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் திறந்த தொட்டி), இல்லையென்றால் பெரிய எஸ்யூவியும் டிரெய்லரும். நாங்கள் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் எஸ்யூவியை டீசல் ஆட்டோமேட்டிக் எடுத்து டிரெய்லர் கோத்தோம்.

எஞ்சின் பலத்தில் பெரிய வித்தியாசமில்லை. வி-கிராஸ் 163 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு), ஸ்கார்பியோ-என் 175. சமதளமான நம்மூர்ச் சாலைக்கு இரண்டும் தாராளம். எஸ்யூவியில் டொயோட்டா ஃபார்ச்சூனர் இன்னும் வலுவானது, விற்றாலும் நல்ல விலை போகும். ஆனால் அதற்குக் கூடுதலாகும் பணத்தைத் தொழிலில் போடலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது சாமான் வைக்கும் தளம்தான். டபுள் கேப்பின் தொட்டி ஐந்தடி சுமார். செட்டிநாட்டு வீட்டுத் தூண் எட்டடி, பத்தடி. நீட்டிக்கொண்டு சிவப்புத் துணி கட்டிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் 2014 முதல் அதை அனுமதிப்பதில்லை. பின்னால் வரும் பைக் ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. டிரெய்லரில் தூண் முழுசாகப் படுக்கும்.

அடுத்து உயரம். நூறு சதுர அடிக் கல் 350 கிலோவை ஒட்டி வரும். அதைச் சுமக்க பிக்கப்பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை பட்டையாக அடுக்கிய வில்) அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லையும் இடுப்புக்கு மேல் தூக்க வேண்டும். டிரெய்லரின் தளம் முழங்கால் உயரம்தான். வைக்கோல் பரப்பி, கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, முகத்தோடு முகம் பார்க்க அடுக்கிவிடலாம். ஏற்றுகிற ஆளுக்கும் முதுகு பிழைக்கும், கல்லும் மூலை உடையாது.

டிரெய்லருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியின் பின்னால் உள்ள கொக்கியில் உட்கார வேண்டும். தூணின் தடித்த முனையை முன்பக்கம் வையுங்கள். பாரம் பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டும், பிறகு எஸ்யூவியையும் சேர்த்து ஆட்டும். அளவுக்கு மீறி முன்னால் வைத்தாலோ எஸ்யூவியின் பின்பக்கக் காயில் (சுருள்) ஸ்பிரிங் அமுங்கி வண்டியின் முகம் மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் லேசாகிவிடும். டிரெய்லருக்குத் தனிப் பதிவும் எண்ணும் வேண்டும், அந்த அலைச்சல் பிக்கப்பில் இல்லை. ரிவர்ஸ் எடுப்பதும் பழகித்தான் வரும். நல்லவேளையாக நம் வீடுகளுக்குப் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிறது, தெருவும் அகலம். பெரும்பாலும் நேராகப் போய் நேராகவே வந்துவிடலாம்.

வேலை முடிந்தால் கொக்கியைக் கழற்றிவிட்டு அதே வண்டியில் அப்பத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போகிறோம்.

மலைப்பாதையில் பாரத்தோடு நான் அதிகம் இழுத்ததில்லை. கொடைக்கானல் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் தனி பிரேக் உள்ள டிரெய்லராகப் பாருங்கள், அல்லது பிக்கப்பே எடுங்கள். மாதம் ஒரு லோடுதான் என்றால் இரண்டும் வேண்டாம், குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிட்டால் போதும்.