இலையுதிர்கால ரூம் ஸ்பிரே கிட்: எண்ணெய் தேறும், தண்ணீர்தான் கெடுக்கிறது

செப்டம்பர் பிறந்தால் போதும், டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் கைவினைப் பொருள் கடைகளில் "நீங்களே செய்துகொள்ளும்" இலையுதிர்கால ரூம் ஸ்பிரே கிட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டுவிடும். பெட்டியின் மேல் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே. 10 மி.லி. எசென்ஷியல் ஆயில் புட்டிகள் ஐந்தாறு (பட்டை, கிராம்பு, ஆரஞ்சு, சீடர்வுட், சில பெட்டிகளில் ஜாதிக்காயும் இஞ்சியும்), பழுப்புக் கண்ணாடி ஸ்பிரே பாட்டில் ஒன்றிரண்டு, விட்ச் ஹேசல் (ஒரு செடியிலிருந்து வடித்து முகத்துக்குப் பூசும் நீர்மம்) ஒரு குப்பி, சிறு புனல், ஒரு செய்முறைத் தாள். தாளில் இருப்பதும் ஒரே வாசகம்: எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடு, விட்ச் ஹேசல் ஊற்று, தண்ணீரால் நிரப்பு, குலுக்கி அடி.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான். எண்ணெய்கள் பரவாயில்லை, பாட்டில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடித்திரவமாகக் கொடுக்கும் விட்ச் ஹேசலும் தண்ணீரும் எண்ணெயைக் கரைக்கவே கரைக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் வழக்கமான விட்ச் ஹேசலில் ஆல்கஹால் 14 விழுக்காடுதான், ஆல்கஹாலே இல்லாத வகையும் உண்டு. வோட்கா ஊற்றினால் சரியாகிவிடும் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். வோட்காவில் 40 விழுக்காடு ஆல்கஹால், மீதி தண்ணீர். ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன் என்னும் மணப்பொருள். அது 40 விழுக்காட்டுக்கு மசியாது.

கரையாவிட்டால் என்ன, குலுக்கித்தானே அடிக்கிறோம் என்று கேட்கலாம். பாட்டிலை அரை மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆரஞ்சு எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அது மிகுந்த கலவை மேலே மஞ்சள் வளையமாக மிதக்கும். கிராம்பும் பட்டையும் தண்ணீரைவிடக் கனமானவை, அவை மிகுந்த கலவை அடியில் சிறு உருண்டைகளாக உட்கார்ந்திருக்கும். பம்ப்பின் குழாய் வாய் வைப்பது அந்த அடியில்தான். எண்ணெய் அடியில் தங்கியிருக்கும்போது குலுக்க மறந்து ஒரு முறை அழுத்தினால் வெளியே வருவது கிட்டத்தட்ட நீர்க்காத எண்ணெய். சுவரில் பட்டால் பழுப்புக் கறை, கையில் பட்டால் எரிச்சல், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பே இளகிவிடும். எண்ணெய் மேலே மிதந்தால் முதலில் வெறும் தண்ணீர் வரும். கடைசியில் பாட்டில் தீரும் நேரத்தில் எண்ணெய் மட்டும் பீய்ச்சும், வார்னிஷ் போட்ட மேசைமேல் விழுந்தால் பளபளப்புப் போய்விடும். குலுக்கினாலும் சில நொடிகளில் மறுபடி பிரிய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று பூஞ்சை. தண்ணீர் நிறைந்த, பதப்பொருள் இல்லாத ஸ்பிரேயில் சில வாரங்களில் பஞ்சு மாதிரி ஏதாவது மிதக்கத் தொடங்கலாம். குழாய்த் தண்ணீர் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். எண்ணெய்க்கே கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அதனால் கெடாது என்பது கவைக்குதவாத வாதம். எண்ணெய் ஒரு பக்கம் தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் அது தண்ணீரைக் காப்பது எப்படி?

ஆகவே கிட் வாங்கியவர்கள் அந்த விட்ச் ஹேசல் குப்பியை முகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்பிரேக்கு வேண்டியது 95 விழுக்காடு எத்தனால். வட அமெரிக்காவில் இதே செறிவுள்ள 190 புரூஃப் தானிய ஆல்கஹால் சில இடங்களில் மதுக்கடையில் கிடைக்கும், சில மாநிலங்களில் விற்கத் தடை. கிடைக்காத இடத்தில் வாசனைத் திரவியம் செய்பவர்களுக்கென்று விற்கும் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹாலை வாங்கலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் எண்ணெயை நன்றாகவே கரைக்கும், ஆனால் வீடு ஊசி போடும் அறை மாதிரி மணக்கும். அதை விட்டுவிடுங்கள்.

அளவு இப்படி: 120 மி.லி. பாட்டிலில் 100 மி.லி. செய்வதாக வைத்துக்கொள்வோம். எண்ணெய் மொத்தம் 3 மி.லி., அதாவது ஏறக்குறைய 60 சொட்டு. ஆல்கஹால் 90 மி.லி. முதலில் எண்ணெய், அடுத்து ஆல்கஹால், மூடிச் சுழற்றுங்கள். கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரை அரை மி.லி. அரை மி.லி.யாகச் சேருங்கள், 7 மி.லி. வரை. தண்ணீர் எதற்கென்றால், ஆல்கஹாலின் முதல் நெடி அடங்கும், துளிகளும் சற்று நின்று உலரும். சேர்க்கும்போது பால் போலக் கலங்கி, சுழற்றியும் தெளியவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, தெளியும்வரை ஆல்கஹால் விடுங்கள். ஆரஞ்சு அதிகமுள்ள கலவை சீக்கிரம் கலங்கும், மர எண்ணெய்க் கலவை கொஞ்சம் பொறுக்கும். தண்ணீரே சேர்க்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

ஆல்கஹால் வேண்டாம் என்பவர்களுக்கு, எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடிக்கும் பாலிசார்பேட் 20 இருக்கிறது. ஒரு பங்கு எண்ணெய்க்கு நான்கு பங்கு பாலிசார்பேட், முதலில் இவை இரண்டையும் மட்டும் நன்றாகக் கலந்து, அதன்பிறகே தண்ணீர். வரிசை மாறினால் கலங்கல்தான். எண்ணெயை 1.5 மி.லி.க்குக் குறைத்து, பாலிசார்பேட் 6 மி.லி., மீதி காய்ச்சி வடித்த தண்ணீர், கூடவே அழகுசாதனப் பதப்பொருள் ஒன்று அதன் லேபிளில் உள்ள அளவில். மணம் பாதிதான் வரும். மரத்தரையில் படிந்தால் வழுக்கும், கண்ணாடியில் பிசுபிசுப்பு நிற்கும். திரைச்சீலைக்குச் சரி, ஆள் நடக்கும் தரைப்பக்கம் அடிக்க வேண்டாம்.

இனி எண்ணெய்கள். கிட்டில் அதிகம் ஏமாற்றுவது பட்டை. புட்டியில் "சின்னமன்" என்று மட்டும் போட்டிருந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இலங்கைக் கறுவாவின் பட்டையிலிருந்து எடுத்தது, அதே மரத்தின் இலையிலிருந்து எடுத்தது, அல்லது கேசியா எனப்படும் சீனப் பட்டை. இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால், கிராம்பில் இருக்கும் அதே பொருள். கிட்டில் கிராம்பும் இலை எண்ணெயும் சேர்ந்து வந்தால் ஒரே வாசனைக்கு இரண்டு தடவை காசு கொடுத்திருக்கிறீர்கள். பட்டை எண்ணெய்தான் நாம் நினைக்கும் அந்த இனிப்புக் காரம், விலை இலையைவிடப் பல மடங்கு. ஆகவே மலிவான கிட்டில் இருப்பது அநேகமாக இலை அல்லது கேசியா என்றே கொள்ளலாம். லேபிளில் தாவரப் பெயரும் எந்தப் பாகம் என்பதும் இல்லாத புட்டியை வாங்காதீர்கள்.

அடுத்தது வனிலா, பூசணி, ஆப்பிள். இவற்றுக்கு ஆவியில் வடித்த எசென்ஷியல் ஆயில் என்று எதுவும் கிடையாது. அப்படி எழுதி விற்பது செயற்கை வாசனை எண்ணெய், அல்லது வேறு எண்ணெயில் நீர்த்த சாறு. செயற்கை என்பதால் மட்டும் அது கெட்டதாகிவிடாது, எசென்ஷியல் ஆயில் விலைக்கு விற்பதுதான் தவறு. பூசணி மணம் என்று அமெரிக்கர்கள் சொல்வதில் பூசணியே இல்லை. பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் சேர்ந்த, பை (pie) என்னும் பலகாரத்துக்குப் போடும் மசாலாதான் அது. ஸ்டார்பக்ஸ் 2003இல் கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டேயில் உண்மையான பூசணி சேர்ந்ததே 2015இல்தான்.

வனிலாவின் இடத்தைச் சாம்பிராணி நிரப்பும். சயாம் பென்சாயின் எனப்படும் லாவோஸ் சாம்பிராணியில் இயல்பாகவே வனிலின் உண்டு. மற்ற எண்ணெய்கள் ஓடிப்போகாமல் பிடித்து வைக்கும் வேலையையும் அதுவே செய்யும். கரைசலாக வாங்கலாம், பிசின் கட்டி கிடைத்தால் பொடித்து ஒரு பங்குக்கு நான்கு பங்கு ஆல்கஹாலில் ஒரு வாரம் ஊறவைத்து, காபி வடிதாளில் இரண்டு முறை வடிகட்டலாம். வடிகட்டுவதில் சோம்பல் பட்டால் பம்ப் அடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சாம்பிராணியைப் போட்டுவிடாதீர்கள், அதில் கரித்தூள் இருக்கிறது.

பை மசாலாக் கலவை, 60 சொட்டுக்கு: ஆரஞ்சு 24, ஜாதிக்காய் 10, பென்சாயின் கரைசல் 10, இஞ்சி 6, ஏலக்காய் 6, கறுவாப்பட்டை 2, கிராம்பு 2. பட்டை இரண்டு சொட்டுதானா என்று கை துறுதுறுக்கும். 100 மி.லி.யில் இரண்டு சொட்டு என்பது 0.1 விழுக்காடு. தோலில் தங்கும் பொருட்களுக்கு அரோமாதெரபி பாதுகாப்பு வழிகாட்டிகள் பட்டை எண்ணெய்க்குச் சொல்லும் உச்சம் 0.07. காற்றில் அடிக்கலாம், தலையணையிலும் துணியிலும் அடிக்கக் கூடாது. கிட்டின் தாளில் பட்டை 15 சொட்டு என்று கண்டால் அந்தத் தாளை எழுதியவர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் இந்தக் கலவையை நம் வீடுகளுக்குச் சிபாரிசு செய்யத் தயக்கமாக இருக்கிறது. அக்டோபரில் ஜன்னலைச் சாத்தி ஹீட்டரைப் போட்ட வீட்டில், மதியம் பிரியாணியோ கறிக்குழம்போ வைத்திருந்தால், மாலையில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் ஸ்பிரே அடிப்பதால் என்ன ஆகும்? இன்னும் ஒரு படி பிரியாணி வைத்தது போல் இருக்கும். அமெரிக்கச் சமையலறையில் இது பண்டிகை மணம், நமக்கு அஞ்சறைப்பெட்டி. சமையல் வாடையை மறைக்கத்தான் ஸ்பிரே என்றால் இலையுதிர்காலத்தின் மரப்பக்கம் போவதே நல்லது. ஆரஞ்சு 18, வர்ஜீனியா சீடர்வுட் 18, பால்சம் ஃபர் (ஒரு ஊசியிலை மரம்) இலை 12, பென்சாயின் 8, கிராம்பு 3, வெட்டிவேர் 1. ஈர மரப்பட்டையும் காய்ந்த சருகும் கலந்த வாசனை வரும். வெட்டிவேர் ஒரே ஒரு சொட்டு. இரண்டாகிவிட்டால் முழுக்கலவையும் நன்னாரிக் கடைப் பக்கம் சாய்ந்துவிடும். சீடர்வுட் கிட்டில் இருக்கும், ஃபர் இருக்காது, தனியாக வாங்க வேண்டும்.

சொட்டுக் கணக்கை முழுதும் நம்பவேண்டாம். புட்டி வாயில் உள்ள அடைப்பைப் பொறுத்தும் எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பொறுத்தும் ஒரு மி.லி.க்கு 20 சொட்டும் விழும், 30உம் விழும். ஒரே மணத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் எடை போடுவதே வழி. எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். ஆரஞ்சும் ஃபரும் எண்ணெய்ப்பசை இல்லாமல் போகவேண்டும், எண்ணெய்க்கறை நின்றால் கலப்படமாக இருக்கலாம். வெட்டிவேருக்கும் பென்சாயினுக்கும் இந்தச் சோதனை செல்லாது, அவை சுத்தமாக இருந்தாலும் தடம் விடும்.

கலந்தவுடன் முகர்ந்து முடிவு கட்டாதீர்கள், முதலில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். இரண்டு நாளாவது இருட்டில் வையுங்கள், ஒரு வாரம் வைத்தால் இன்னும் நன்று. பிறகு தாள் துண்டில் அடித்து ஐந்தாம் நிமிடம், ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் என மூன்று முறை முகருங்கள். ஆரஞ்சு முதலில் பறந்துவிடும், மறுநாள் தங்குவது சீடரும் பென்சாயினும்தான். ஆரஞ்சு நிற்கவில்லை என்று அதையே கூட்டிக்கொண்டு போவது வீண், மறுநாளும் தங்கும் சீடரையும் பென்சாயினையும் கூட்டவேண்டும்.

பாட்டில் விஷயத்தில் கிட்டுகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழுப்புக் கண்ணாடி, நுண்பனி பம்ப், ஓர் அழுத்தலுக்குச் சுமார் 0.1 மி.லி. அறைக்கு ஐந்தாறு அழுத்தல் போதும். ஜன்னல் துடைக்கும் டிரிகர் பாட்டிலில் ஊற்றினால் பெரிய துளிகள் நேரே தரைக்குப் போய்விடும். எண்ணெயை எடுக்க ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர் கொடுத்திருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், ரப்பர் ஊறி இளகி எண்ணெயையும் கெடுக்கும். பம்ப் அடைத்தால் வெறும் ஆல்கஹாலில் பத்துத் தடவை அடித்தால் திறந்துகொள்ளும்.

தீ விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 70 விழுக்காடு எத்தனாலின் ஆவியே 17 டிகிரி செல்சியஸ் அளவில் தீப்பற்றும், இங்கே நாம் வைத்திருப்பது அதைவிடச் செறிவானது. நவராத்திரியும் தீபாவளியும் இதே பருவத்தில்தான் வருகின்றன. கொலுவுக்கு முன் விளக்கு எரியும்போதும், ஊதுபத்தி புகையும்போதும், கேஸ் அடுப்பு எரியும்போதும் அந்த அறையில் அடிக்கவே கூடாது. பூனை இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமலிருப்பதே நல்லது, கிராம்பு, பட்டை, ஆரஞ்சு எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. கூண்டுப் பறவைகளுக்கும் ஆகாது. கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் அவர்கள் அறையைத் தவிருங்கள்.

கிட் வாங்கலாமா என்றால், பாட்டிலும் சீடரும் ஆரஞ்சும் வேண்டும் என்பவர் தள்ளுபடியில் வாங்கலாம். முழு விலைக்குத் தேவையில்லை. ஆரஞ்சு, சீடர்வுட், ஃபர், கிராம்பு, பென்சாயின் என்று ஐந்தைத் தனித்தனியாக வாங்கினால் நான்கைந்து பாட்டிலுக்கு மேல் வரும். ஆரஞ்சு எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள், லிமோனீன் காற்றுப்பட்டு ஆக்சிஜனேறினால் மணமும் திரியும், தோலுக்கும் ஒவ்வாது. புட்டி திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.